படத்தில் இல்லாத சாக்ஸன் வீரன்

1932-ல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘தி மம்மி’ படத்தின் நடிகர் பட்டியலில் ஹென்றி விக்டர் என்று ஒரு பெயர் வருகிறது. பாத்திரம், சாக்ஸன் வீரன். படம் 73 நிமிடம் ஓடுகிறது. அதில் எகிப்தியப் பூசாரி இருக்கிறார், ஃபாரோ இருக்கிறார், நூபியப் பணியாள் இருக்கிறான், வெயிலில் வியர்க்கும் பிரிட்டிஷ் அகழாய்வாளர்கள் இருக்கிறார்கள். சாக்ஸன் வீரனை மட்டும் காணோம். கூட்டத்தில் ஒருவனாகக்கூட அவன் எட்டிப் பார்ப்பதில்லை. எகிப்தில் நடக்கும் கதையில் வட ஐரோப்பியப் போர்வீரனுக்கு என்ன வேலை என்பதற்கும் படத்தில் விடை கிடையாது.

டைட்டில் தயாரான பிறகு படத்தை வெட்டியிருக்கிறார்கள், டைட்டிலைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை. இதுவரை ஊகிப்பது எளிது. எதை வெட்டினார்கள், வெட்டியது என்ன ஆயிற்று என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது. கையில் இருந்த தடயங்கள் சிலதான்: 1989-ல் புத்தகமாக வந்த படப்பிடிப்புத் திரைக்கதை, ஸ்டூடியோ எடுத்த ஸ்டில்கள், கதாநாயகி ஸீடா யோஹான் முதிய வயதில் கொடுத்த நேர்காணல்கள், பிறகு யுனிவர்சலே எடுத்த அடுத்தடுத்த மம்மிப் படங்கள். கடைசியாகச் சொன்ன படங்களிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. நிறைய சொன்னவை அவைதான்.

முதலில் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நைனா வில்காக்ஸ் புட்னமும் ரிச்சர்ட் ஷேயரும் எழுதிய மூலக்கதையில் மம்மியே இல்லை. ‘காக்லியோஸ்ட்ரோ’ என்ற அந்தக் கதையின் நாயகன் ஒரு மந்திரவாதி. நைட்ரேட் மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு மூவாயிரம் ஆண்டுகளாக உயிரோடு இருப்பவன். கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். அதைத் தூக்கி எகிப்தில் கொண்டுபோய் வைத்தவர் ஜான் எல். பால்டர்ஸ்டன். ‘டிராகுலா’ நாடகத்தின் அமெரிக்க வடிவத்தில் கைவைத்த அதே ஆள். அதற்கும் முன்பு பத்திரிகையாளர். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்தபோது ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகைக்காக அந்தச் செய்தியை எழுதியவர்களில் ஒருவர். 1923 ஏப்ரலில் கார்னர்வான் பிரபு கெய்ரோவில் இறந்ததும் உலகெங்கும் பத்திரிகைகள் சாபத்தைக் கட்டி எழுப்பின. பத்தாண்டு கழித்து அந்தப் பழைய குறிப்பேட்டைப் பால்டர்ஸ்டன் பணமாக்கினார் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

எகிப்தியலில் அவர் அவ்வளவு கறார் இல்லை. படத்தின் நாயகனான பூசாரி இம்ஹோடெப். வரலாற்றில் அந்தப் பெயர் கொண்டவர் கி.மு. 27-ஆம் நூற்றாண்டில் சக்காராவில் ஜோசர் மன்னனுக்குப் படிக்கட்டுப் பிரமிடு எழுப்பியவர். பூசாரி காதலித்ததாகச் சொல்லும் இளவரசி அங்கெசெனாமோன். அந்தப் பெயரில் இருந்தவள் துட்டன்காமனின் மனைவி, கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக்காரி. நடுவில் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆனால் ஒரு நல்ல தடயத்தைப் பால்டர்ஸ்டன் படத்துக்குள்ளேயே வைத்தார். 1921-ல் மம்மியைத் தோண்டி எடுப்பவர்கள் அதன் உள்ளுறுப்புகள் அகற்றப்படவில்லை, பதப்படுத்துபவனின் கத்தி பட்ட தழும்பும் இல்லை என்று கவனிக்கிறார்கள். ஆக, ஆளை உயிரோடு சுற்றியிருக்கிறார்கள். சடலத்தை வைத்துத் துப்பறிவதில் இந்தக் காட்சிக்கு ஈடாக அந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் அதிகம் இல்லை.

சாக்ஸன் வீரனின் இடம் திரைக்கதையில் கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டுக் கெய்ரோவில் ஆர்தத் பே என்ற பெயரில் உலவும் இம்ஹோடெப், ஹெலன் என்ற பெண்ணைத் தன் வீட்டுக்கு வரவழைத்து நீர்த்தடாகம் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறான். அந்த நீரில் அவளுடைய பழைய பிறவி தெரிகிறது. இளவரசி இறக்கிறாள். அவளை உயிர்ப்பிக்கத் தோத்தின் சுருளைத் திருடிய இம்ஹோடெப் பிடிபட்டு, உயிரோடு கட்டுப்போட்டுப் புதைக்கப்படுகிறான். நாம் காணும் படத்தில் காட்சி இங்கே முடிந்துவிடுகிறது. திரைக்கதையில் தடாகம் மேலும் காட்டிக்கொண்டே போகிறது. ரோமானிய அரங்கில் சிங்கங்களின் முன் நிற்கும் கிறிஸ்தவப் பெண். சாக்ஸன் காலத்தில் படையெடுப்புக்கு நடுவே ஒரு பெண். இடைக்காலக் கோட்டையில் ஒரு சீமாட்டி. பிரெஞ்சு அரசவையில் ஒருத்தி. அத்தனை பேரும் ஒரே ஆன்மா, அத்தனை பேரும் ஸீடா யோஹான். இந்த வரிசையில் இரண்டாவது பிறவியில்தான் ஹென்றி விக்டர் வருகிறார்.

இவை எழுதியதோடு நின்றுவிடவில்லை, படமாகவும் எடுக்கப்பட்டன. ஸ்டில்கள் அதற்குச் சாட்சி. யோஹான் தனித்தனி ஆடைகளில், தனித்தனி செட்டுகளில் நிற்கிறார். சிங்கக் காட்சியைப் பற்றி அவரே பின்னாளில் விரிவாகச் சொன்னார். இயக்குநரும் குழுவும் கூண்டுக்குள் பாதுகாப்பாக இருக்க, அவரை மட்டும் திறந்த அரங்கில் சிங்கங்களிடம் அனுப்பினார்களாம். இயக்குநர் கார்ல் ஃப்ராயிண்டுக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துவரவில்லை. ஃப்ராயிண்ட் ஜெர்மனியில் ‘மெட்ரோபொலிஸ்’ எடுத்த கேமராக்காரர், ஹாலிவுட்டில் 1931-ன் ‘டிராகுலா’வுக்கும் ஒளிப்பதிவு அவருடையது. இயக்குநராக அங்கே அவர் பெயர் வந்த முதல் படம் இதுதான். யோஹான் மேடையிலிருந்து வந்தவர், மறுபிறவியில் உண்மையாகவே நம்பிக்கை உள்ளவர். அப்படிப்பட்டவர் நான்கு பிறவிகளை நடித்துக் கொடுத்து, நான்கும் வெட்டப்பட்டதைப் பார்த்தார். ஓட்டத்தை இறுக்க வேண்டும் என்று ஸ்டூடியோ நினைத்ததில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த வெட்டால் கதையின் எடையே மாறிவிட்டது. நீண்ட வடிவத்தில் மையம் ஹெலன், காலம்தோறும் இறந்து பிறக்கும் பெண். குறுகிய வடிவத்தில் மையம் இம்ஹோடெப், ஒருமுறை செத்து ஒருமுறை எழும் ஆண். போஸ்டரில் இம்ஹோடெப்பாக நடித்த கார்லோஃபின் பெயர் பெரிதாக இருந்ததற்கு இந்தக் குறுகிய வடிவமே பொருந்தியது.

ஹென்றி விக்டரைப் பற்றித் தோண்டியபோது எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. லண்டனில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். 1932-லேயே டாட் பிரௌனிங்கின் ‘ஃப்ரீக்ஸ்’ படத்தில் சர்க்கஸ் பலசாலி ஹெர்குலிஸாக வந்தவர். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பு, 1916-ல், ரைடர் ஹேகார்டின் ‘ஷீ’ நாவலை வைத்து இங்கிலாந்தில் எடுத்த மௌனப் படத்தில் லியோ வின்சி அவர்தான். அந்த லியோ யார்? பழைய எகிப்தில் ஐசிஸ் கோயில் பூசாரியாக இருந்தவனின் மறுபிறவி. சாகாத ராணி ஒருத்தி இரண்டாயிரம் ஆண்டாக அவனுக்காகக் காத்திருக்கிறாள். ‘தி மம்மி’யில் ஆண் பெண் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இது திட்டமிட்ட தேர்வு என்று நான் சொல்லவில்லை. வாட்டசாட்டமான உடம்பும் வெளுத்த தலைமுடியும் உள்ள ஆள் சாக்ஸனுக்குத் தேவைப்பட்டிருப்பார், விக்டர் கிடைத்திருப்பார். ஆனாலும் எகிப்தியப் பூசாரியின் மறுபிறவியாக ஏற்கெனவே நடித்த ஒருவர், இன்னொரு எகிப்தியப் பூசாரியின் கதையில் வந்து காணாமல் போனார் என்பது பதிவில் இருக்கட்டும்.

இனி, வெட்டிய நெகட்டிவ் என்ன ஆயிற்று?

யுனிவர்சலின் மற்ற படங்களில் இதுபோலக் காணாமல்போனவை எப்படித் திரும்பி வந்தன என்று பார்த்தேன். 1931-ன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அரக்கன் சிறுமி மரியாவை ஏரியில் எறியும் துண்டு தணிக்கையால் நீக்கப்பட்டிருந்தது. 1980-களில் பிரிட்டனின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து அது மீட்கப்பட்டது. ஆங்கில வடிவத்தின் செட்டுகளிலேயே இரவுநேரத்தில் எடுத்த ஸ்பானிஷ் மொழி ‘டிராகுலா’வில் அழிந்துபோன பகுதி கியூபாவில் இருந்த பிரதியால் நிரம்பியது. ஜேம்ஸ் வேலின் ‘தி ஓல்டு டார்க் ஹவுஸ்’ தொலைந்தே போனது என்று நம்பப்பட்ட படம். இயக்குநர் கர்ட்டிஸ் ஹாரிங்டன் விடாமல் நச்சரித்ததால் 1968-ல் யுனிவர்சலின் கிடங்கிலேயே கிடைத்தது. அதுவும் 1932 படம்தான், அதிலும் கார்லோஃப்தான்.

இவற்றில் முதல் இரண்டும் நமக்கு உதவாது. அந்தத் துண்டுகள் எங்கோ ஒரு நாட்டில் திரையிடப்பட்ட பிரதிகளில் இருந்தன. மறுபிறவிக் காட்சிகளை வெளியீட்டுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 22, 1932-ல் படம் வந்தபோது எந்த ஊர்ப் பிரதியிலும் அவை இல்லை. ஹவானாவிலும் கிடைக்காது, லண்டனிலும் கிடைக்காது. மூன்றாவது வழி, ஸ்டூடியோவின் சொந்தக் கிடங்கு, ஒன்றுதான் மிச்சம். யுனிவர்சலின் கிடங்கு வரலாறோ தெம்பூட்டுவதாக இல்லை. 1948-ல் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் படங்களை அந்த நிறுவனமே அழித்தது. அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் சுமார் எழுபது சதவீதம் இன்று இல்லை என்று 2013-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ‘தி மம்மி’ பேசும் படம் என்பதால் 1948 அழிப்பு அதைத் தொடவில்லை. ஆனால் முழுப் படங்களையே அழிக்கத் துணிந்த இடத்தில், படத்தில் சேராத துண்டுகளை யார் பெட்டியில் போட்டு எண் எழுதி வைத்திருப்பார்கள்?

ஒரு காரணத்துக்காக வைத்திருக்கலாம், மறுபடி பயன்படும் என்று. இந்த இடத்தில்தான் பின்னால் வந்த மம்மிப் படங்கள் பேச ஆரம்பிக்கின்றன.

1940-ல் யுனிவர்சல் ‘தி மம்மீஸ் ஹேண்ட்’ எடுத்தது. இம்ஹோடெப்பை விட்டுவிட்டார்கள். புது மம்மி காரிஸ், புது இளவரசி அனாங்கா. தோத்தின் சுருளுக்குப் பதில் தானா இலைகள். மூன்று இலைக் கஷாயம் இதயத்தைத் துடிக்க வைக்கும், ஒன்பது இலை நடக்க வைக்கும். இந்தச் சித்த வைத்தியத்தைத் தலைமைப் பூசாரி விளக்கும்போதே காரிஸின் பழங்கதை பிளாஷ்பேக்காக ஓடுகிறது. அதைக் கட்டம் கட்டமாக நிறுத்தி, 1932 படத்தின் தடாகக் காட்சியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றே. அதே இறுதி ஊர்வலம், அதே மணல், அதே புதைகுழி. காரிஸாக நடித்த டாம் டைலரின் முகம் குளோஸ் அப்பில் வருகிறது, லாங் ஷாட்டில் நிற்பவர் கார்லோஃப். கவ்பாய் படங்களில் நடித்துக்கொண்டிருந்த டைலரைத் தேர்ந்ததற்கு அவருடைய ஒல்லியான நீண்ட உடல்வாகு கார்லோஃபோடு ஒத்துப்போனதே காரணம் என்பார்கள். பழைய ஷாட்டில் ஒட்டுத் தெரியக்கூடாதே.

எப்படி இவ்வளவு லாவகமாக ஒட்ட முடிந்தது? ஃப்ராயிண்ட் அந்தப் பிளாஷ்பேக்கை மௌனப் படம்போல எடுத்திருந்தார். யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, மேலே கார்லோஃபின் குரல் மட்டும் கதை சொல்லும். தான் வளர்ந்த மௌனக் கலைக்கு ஒரு கேமராக்காரர் செய்த மரியாதை என்றுதான் விமர்சகர்கள் இதைப் புகழ்வார்கள். கணக்குப் பிள்ளைக்கு அதில் வேறொன்று தெரிந்திருக்கும். உதடு அசையாத காட்சிக்கு எந்தக் கதையையும் பின்னணியில் சொல்லிக்கொள்ளலாம். சுருள் திருடியவனை இலை திருடியவனாக்க ஒரு புதுக் குரலும் நாலைந்து குளோஸ் அப்பும் போதும். 1932 படத்தின் செலவு இரண்டு லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. 1940 படத்துக்குச் சுமார் எண்பதாயிரம். ஊர்வலத்துக்கும் பாலைவனத்துக்கும் மறுபடி செலவழிக்க அதில் இடமில்லை. கோயில்கூடக் கடன்தான். அதே ஆண்டு ‘க்ரீன் ஹெல்’ என்ற தென்னமெரிக்கக் காட்டுப் படத்துக்குப் போட்ட இன்கா செட்டை எகிப்து என்று சொல்லிக் காட்டினார்கள். இசையில் பெரும்பகுதி முந்தைய ஆண்டின் ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துடையது.

இந்தச் சிக்கனம் 1942-ல் இன்னும் வெளிப்படையானது. ‘தி மம்மீஸ் டூம்’ சுமார் ஒரு மணி நேரப் படம். அதில் முதல் பத்து நிமிடத்துக்கு மேல் முந்தைய படத்தின் காட்சிகளே நினைவாக ஓடுகின்றன. இறுதியில் மசாசூசெட்ஸ் சிற்றூர் மக்கள் தீப்பந்தத்தோடு மம்மியைத் துரத்தும்போது 1931 ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஷாட்டுகள் நடுவே புகுந்துவிடுகின்றன. அமெரிக்கக் கிராமத்தில் திடீரென்று ஐரோப்பிய மலைநாட்டு ஆடைகள். மம்மி இப்போது லான் சேனி ஜூனியர்.

1944-ல் ஒரே ஆண்டில் இரண்டு படங்கள். முதலாவதான ‘தி மம்மீஸ் கோஸ்ட்’டை ஒரு வரியில் கடந்துவிடலாம், அதன் முடிவில் காரிஸ் மசாசூசெட்ஸ் சதுப்பில் அனாங்காவோடு மூழ்குகிறான். இரண்டாவதான ‘தி மம்மீஸ் கர்ஸ்’ படத்தில் அதே காரிஸ் லூசியானா சதுப்பிலிருந்து தோண்டி எடுக்கப்படுகிறான். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர். கதைக்கணக்கில் இருபத்தைந்து ஆண்டும் ஆகிவிட்டது. ‘தி மம்மீஸ் டூம்’ ஏற்கெனவே முப்பது ஆண்டைத் தாண்டியிருந்ததால் இது 1990-களில் நடக்கவேண்டும், ஆனால் எல்லாரும் 1944-ன் உடுப்பில்தான் இருக்கிறார்கள். என் தேடலுக்கு முக்கியமானது இந்தப் படத்தின் பிளாஷ்பேக். பீட்டர் கோ நடித்த பூசாரி கதை சொல்ல, பழைய ஊர்வலம் மூன்றாவது தடவையாகப் புறப்படுகிறது. ஒரே காரிஸுக்கு இங்கே குறைந்தது மூன்று உடம்பு: நிகழ்காலத்தில் சேனி, புதைக்கும் குளோஸ் அப்பில் டைலர், தூரத்தில் கார்லோஃப்.

மம்மி என்றால் காலை இழுத்து இழுத்து நடந்துவரும் கட்டுப்போட்ட உருவம் என்று மனதில் பதிந்திருப்பதும் இந்தப் பிற்காலப் படங்களால்தான். கார்லோஃப் அப்படி நடப்பதே இல்லை. மேக்கப்காரர் ஜாக் பியர்ஸ் பஞ்சும் கொலோடியனும் களிமண்ணும் கொண்டு எட்டு மணி நேரம் உழைத்து உருவாக்கிய அந்த மம்மி படத்தில் வருவது சில நிமிடம். கண் லேசாகத் திறக்கிறது, கைகள் மெல்ல இறங்குகின்றன. பிறகு சுருளைப் பற்றும் ஒரு கை, கதவுக்கு வெளியே இழுபட்டுப் போகும் துணிமுனை, பார்த்துவிட்ட இளைஞனின் பைத்தியச் சிரிப்பு. அவ்வளவே. அடுத்து அவன் வருவது தொப்பி அணிந்த கனவானாக. அந்தப் பஞ்சையும் களிமண்ணையும் மறுபடி காட்ட வேண்டுமென்றால் மறுபடி செய்யத்தான் வேண்டும். சேனிக்குப் பிற்படங்களில் ரப்பர் முகமூடியே மாட்டினார்கள்.

ஆக என் முடிவு இது. ஒரே தடாகத்தில் தெரிந்த ஐந்து பிறவிகளில் எகிப்தியப் பிறவி மூன்று படங்களில் பிழைத்தது. தரத்தால் அல்ல, காரிஸ் கதைக்குச் செருக முடிந்ததால். ரோமானியச் சிங்கமும் சாக்ஸன் வீரனும் இடைக்காலச் சீமாட்டியும் தானா இலைக் கதையில் எங்கேயும் பொருந்தவில்லை. ஸ்டாக் ஷாட் கிடங்கில் அவற்றை வைத்துக் காக்க யாருக்கும் வியாபாரக் காரணம் இல்லை. 1930-களின் யுனிவர்சல் சரித்திரப் படங்களில் எங்காவது ஒரு மூலையில் அந்த அரங்கு தலைகாட்டுகிறதா என்றும் பார்த்தேன். இல்லை.

ஆனாலும் தேடுகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். தலைப்பில்லாத டப்பாவில் ஒரு சுருள் கிடைத்து, அதில் ஸீடா யோஹான் கவசமணிந்த ஆளோடு நின்றால், முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். ஈஸ்ட்மன் கோடாக் தன் படச்சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக் குறிகளை 1916 முதல் அச்சிட்டு வந்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பும். 1932-க்கு உரிய குறி 1952-க்கும் உண்டு. குழப்பம் தீர அடிப்படைப் பொருளைச் சோதிக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் படச்சுருளை 1950-களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்தக் குறியோடு நைட்ரேட்டாக இருந்தால் 1932 என்பதற்கே வாய்ப்பு அதிகம். அதன்பின் ஓரத்தில் ஒலித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மௌனமாக எடுத்த காட்சியின் மூல நெகட்டிவில் அது இருக்காது. சுருள் பிசுபிசுத்தோ பழுப்புப் பொடியாக உதிர்ந்தோ இருந்தால் பிரிக்க முயலாமல், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, நைட்ரேட் கையாளத் தெரிந்த காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள்.